எம்டனும் ஒரு ஜெர்மன் வார்த்தையும்

கடலே இல்லாத எங்க விராலிமலையில்கூட கண்டிப்பான அப்பாவை "சரியான எம்டன்"னுதான் சொல்வாங்க. "எம்டன் மகன்" என்ற படம் 2006-ல் "எம் மகன்" என்று பெயர் மாறி வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

எம்டன் என்பது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். முதல் உலகப்போர் தொடங்கிய சில வாரங்களில், 1914 செப்டம்பர் 22 இரவு, சென்னை மீது குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போனது. வெள்ளைக்காரனுக்கே தண்ணி காட்டியது என்று நம்மில் பலருக்கு இன்றும் அதன் மேல் ஒரு பாசம். எனக்கு அது ஒப்பவில்லை.

ஜெர்மன் கப்பலுக்கு நம்ம கடலில் என்ன வேலை? அதற்கு விடை 'வெல்ட்பொலிட்டிக்' என்ற ஜெர்மன் சொல். ஆங்கில வரலாற்றுப் புத்தகங்களிலும் அப்படியே எழுதுகிறார்கள். நேர்ப்பொருள் 'உலக அரசியல்'. நடைமுறையில், பிரிட்டனைப் போல நமக்கும் காலனியும் கடற்படையும் வேண்டும் என்ற மன்னர் இரண்டாம் வில்ஹெல்மின் கொள்கை. 1897 நவம்பரில் சீனாவின் சிங்டாவ் பகுதியை ஜெர்மனி பிடித்தது. அடுத்த மாதமே வெளியுறவுச் செயலாளர் பூலோவ், சூரிய வெளிச்சத்தில் எங்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் பேசினார். எம்டன் கிளம்பி வந்தது அந்த சிங்டாவிலிருந்துதான்!

அந்த வெளிச்சத்தில் ஏற்கெனவே இருந்தவர்கள் கதி? இன்றைய நமீபியாவில் 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களைப் பல்லாயிரக்கணக்கில் கொன்றார்கள். அது இனப்படுகொலைதான் என்று ஜெர்மன் அரசே 2021-ல் ஒப்புக்கொண்டது. ஆக, எம்டன் நம்மை விடுவிக்க வரவில்லை. எஜமானனோடு இன்னொரு எஜமானன் போட்ட சண்டை அது.

காமர்ஸ் படிக்கிறவன் கணக்கு பார்க்காமல் விடுவேனா? 1898-லிருந்து கப்பல் கப்பலாகக் கட்டிக் கொட்டிய பணத்துக்கு ஜெர்மனி கண்ட லாபம், பிரிட்டனின் பகை. எம்டன் 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிவாங்கி ஒழிந்தது. சிங்டாவ் அதற்கு இரண்டு நாள் முன்பே ஜப்பானிடம் போயிருந்தது. 1919-ல் மிச்சக் காலனிகளும் கைவிட்டுப் போயின. பெரும்பாலான போர்க்கப்பல்களை ஜெர்மன் மாலுமிகளே கடலில் மூழ்கடித்தார்கள். முதலும் போச்சு, வட்டியும் போச்சு.

இன்று நாமும் வல்லரசு ஆகணும் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். தப்பில்லை. ஆனால் எதற்காக, யார் செலவில், யார் தலையில் ஏறி என்று கேட்கிறவனைத் துரோகி என்று சொல்லாமல் இருந்தால் சரி.