வாசலில் நிற்கும் தப்பு

தேவாலயம் என்றால் பைப் ஆர்கன் முழங்க வேண்டும், அஃதில்லாத வழிபாடு அரை வழிபாடே என்ற எண்ணம் மலைநாட்டுக் கிறிஸ்தவர் சிலரின் நெஞ்சில் இன்னும் குடிகொண்டிருக்கிறது. பண்டாரவளையிலும் பதுளையிலும் படித்துப் பதவி பெற்ற சபையார் சிலர் இதனைப் பெருமிதத்தோடு சொல்லக் கேட்கிறோம். ஆர்கன் வாங்க வசதியற்ற தோட்டச் சபைக்கு ஹார்மோனியம் வந்தது. பின்னர் மின்சாரக் கீபோர்டு வந்தது. அதிலும் ஆர்கன் குரலைத் தரும் பொத்தானையே விரல் தேடுகிறது! கருவி மாறிற்று, மோகம் மாறவில்லை. இந்த மோகத்தோடுதான் நமக்கு வழக்கு.

ஆர்கனை நாம் இகழவில்லை. பாக் என்ற மேதையின் இசையைக் கேட்டவன் எவனும் இகழான். சிதறிப் பாடும் பெருங் கூட்டத்தை ஒரே சுருதியில் நிறுத்தும் ஆற்றல் அதற்குண்டு. ஜெர்மனியின் லுத்தரன் சபைகளில் சாமானியரின் பாட்டுக்கு அது பெருந்துணையாய் நின்றது. ஆனால் அது வானத்திலிருந்து இறங்கிய கருவியா? கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்துப் பொறியாளன் ஒருவன் ஆக்கிய யந்திரம் அது. ரோமாபுரியின் களியாட்டரங்குகளில் ஒலித்தது. ஆதித் திருச்சபை அதை அண்டவிடவில்லை. கீழைத் திசை ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலானவை இன்றும் மனிதக் குரலையே நம்பிப் பாடுகின்றன. சூரிக் நகரின் சீர்திருத்தவாதிகள் 1527-ல் தங்கள் பேராலயத்து ஆர்கனை உடைத்தெறிந்தார்கள். 1807-ல் கிளாஸ்கோவின் ஆலயமொன்றில் ஆர்கன் ஒலித்தபோது அது பெரும் சர்ச்சையாகித் தடுக்கப்பட்டது. 1860-களில்தான் ஸ்காட்லாந்துத் திருச்சபையில் அத்தடை தளர்ந்தது. நமது மலைகளில் காடழித்துக் கோப்பியும் தேயிலையும் நட்ட துரைமாரில் ஸ்காட்லாந்தியர் எத்தனை பேர்! அவர்களுடைய பாட்டன்மாருக்கே ஆகாத கருவி நமக்குப் பக்தியின் இலக்கணமாகிவிட்டது.

இங்கிலாந்தின் கிராம ஆலயங்களில் நடந்ததும் அறியத்தக்கது. அங்கே மாடத்தில் அமர்ந்து பிடிலும் குழலும் வாசித்துப் பாடியவர்கள் உழவரும் தச்சரும் சக்கிலியருமே. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆர்கனும் ஹார்மோனியமும் வந்தன. அந்த எளியவர்கள் மாடத்தை விட்டு இறக்கப்பட்டார்கள். தாமஸ் ஹார்டி 1872-ல் ஒரு நாவலே எழுதினார் இதைப் பற்றி. ஆக, ஆர்கன் முதலில் வாயடைத்தது நம்மையல்ல, ஆங்கில உழவனையே.

நமது பக்கம் திரும்புவோம். பதுளையின் புனித மாற்கு ஆலயம் யாருடைய ஞாபகார்த்தமாக எழுந்தது? 1845-ல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட மேஜர் ரொஜர்ஸ் என்ற வெள்ளை அதிகாரிக்காக. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்பதே அவருடைய புகழ்! தோட்டத் தமிழரிடையே ஊழியம் செய்ய 1854-ல் தொடங்கிய மிஷனுக்கு வைத்த பெயரோ 'தமிழ்க் கூலி மிஷன்'. சுவிசேஷத்தைத் தந்தபோதும் கூலி என்ற முத்திரையை எடுக்க மனம் வரவில்லை. அத்தகைய சபையில் கூலியின் இசைக்கு இடமேது?

தமிழிசைதான் வந்துவிட்டதே, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடுகிறோமே என்பார்கள். உண்மை. 1853-ல் எட்வர்ட் வெப் என்ற மிஷனரி அவற்றைத் தொகுத்து அச்சேற்றியது பெரும் பணி. தமிழ்ப் பாட்டின் வளைவையும் குழைவையும் ஆர்கனின் அசையாத கட்டைகள் தர மாட்டா, கீர்த்தனை தந்தது. ஆயினும் சபையில் சாதி வேற்றுமையை ஒழிக்க முயன்ற மிஷனரிமாரை எதிர்த்து வாதாடியவரும் அதே சாஸ்திரியார்தாம் என்பதை நாம் மறைக்கலாகாது. கச்சேரி மேடையின் இசை வேறு. லயத்தின் இசை வேறு.

லயத்தின் இசை எது? தப்பு. மாசியில் காமன் கூத்துக்கு அதுவே உயிர். சாவு வீட்டிலும் அதுவே. அது ஏன் பீடத்தருகே வரக்கூடாது? பவனியில் வாசல்வரை அதிர்ந்துவரும் தப்பு படியேறும் இடத்தில் ஓய்ந்துவிடுவதேன்? அடிப்பவனின் சாதி என்ன என்று நாம் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரியும்.

இங்கே நேர்மையான ஆட்சேபம் ஒன்றுண்டு. விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பியதும் இதே தப்புத்தானே, துரையின் ஏவலாய் ஒலித்ததைக் கர்த்தரின் சந்நிதியில் ஒலிக்கலாமா என்று சில மூத்த தொழிலாளரே கேட்கக்கூடும். அவர்களுடைய வலி நமக்குப் புரிகிறது. ஆனால் துரை கையாண்டதனால் தப்பு துரையின் சொத்தாகிவிடாது. கவ்வாத்துக் கத்தியும் அவன் கொடுத்ததே, உழைப்பு நம்முடையது.

திருச்சபையின் சட்டம் தடுக்கிறதா? இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனம் பைப் ஆர்கனைப் போற்றுவது மெய்தான். அதற்கு முந்திய பிரிவே, மிஷன் நாடுகளின் மக்களுக்குரிய இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தர வேண்டும் என்கிறது. நம்மவர் இந்தப் பிரிவைத் தாண்டி அடுத்ததை மட்டும் வாசிக்கிறார்கள்! இலங்கையிலேயே, 1958-ல் தோன்றிய கிறிஸ்தவத் தொழிலாளர் அமைப்பு மே தினத்தையொட்டித் தொழிலாளர் பூசை நடத்திக் காட்டிற்று. மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு (1940-2005) நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொணர்ந்தார். மேனாட்டுப் பாட்டோடு கர்நாடகக் கீர்த்தனையின் மேட்டிமையையும் அவர் கேள்விக்குள்ளாக்கினார்.

1948-ன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1964-ன் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்கிட்டது. நாடு வெளியே நிறுத்தியவர்களின் ஒலியை ஆலயமும் வெளியே நிறுத்துவதா?

நாம் கேட்பது பெரிதன்று. பழைய ஆர்கன் எங்கேனும் இருந்தால் இருக்கட்டும். பழுது பார்த்து வாசிக்கட்டும். வருகிற அறுப்பின் பண்டிகைக்கு ஊவாவின் தோட்டச் சபைகள் தப்புக் கலைஞரை முறைப்படி அழைக்கட்டும், உரிய ஊதியம் கொடுக்கட்டும். வாசலில் அல்ல, பாடகர் குழுவின் வரிசையில் அவர்களுக்கு நாற்காலி போடட்டும். கீபோர்டு வாசிக்கும் தம்பி அன்று ஒருநாள் அவர்களுடைய தாளத்துக்குப் பின்னே வரட்டும்.