வாசித்தோம், செய்தோமா?



ஊரை விட்டுப் புறப்பட்ட வேளையில், ஒரு பைக்குள் எதை வைப்பது எதை விடுவது என்று தவித்தது உங்களில் பலருக்கு மறந்திருக்காது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் உடுப்பு இவற்றோடு தமிழ் வேதாகமத்தையும் எடுத்து வைத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இன்று ஜெனீவாவின் தொடர்மாடி வீடுகளில் அந்தப் புத்தகம் பத்திரமாக இருக்கிறது. நாம் அதை நேசிக்கிறோம், ஐயமில்லை. ஆனால் அதற்குக் கீழ்ப்படிகிறோமா? இக்கேள்வியை நான் முதலில் என்னிடமே கேட்க வேண்டி வந்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் கட்டிடத்தின் நாலாம் மாடிக்கு ஒரு தமிழ்க் குடும்பம் வந்து சில கிழமைகளே ஆகியிருந்தன. ஒரு புதன்கிழமை மாலை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் தொடங்க இருந்த நேரம், அந்த வீட்டுத் தம்பி கதவைத் தட்டினார். கையில் பிரெஞ்சு மொழியில் ஒரு கடிதம்.

"அண்ணை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுவியளோ?"

"தம்பி, இப்ப ஜெபக்கூட்டம். சனிக்கிழமை வாரும், ஆறுதலாப் பாப்பம்."

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றிரவு நாங்கள் வாசித்தது லூக்கா 10ஆம் அதிகாரம், நல்ல சமாரியனின் உவமை. விளக்கம் சொன்னவன் நான். ஆசாரியனும் லேவியனும் ஏன் விலகிப் போனார்கள் என்று விரிவாகவே பேசினேன். எல்லோரும் தேநீர் குடித்து விடைபெற்ற பின், என் தாயார் கோப்பைகளைக் கழுவியபடி கேட்டார்:

"மோனை, வாசலில நிண்ட பொடியனுக்கு நீ சமாரியனோ, லேவியனோ?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படியேறிப் போய்க் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். பதில் கொடுக்க வேண்டிய கடைசித் திகதி மறுநாள். அன்றிரவு இருவருமாக இருந்து பதிலை எழுதி, காலையில் பதிவுத் தபாலில் அனுப்பினோம். சனிக்கிழமை வரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க இன்றும் நெஞ்சு பதறுகிறது. அன்றைக்குப் பிழை செய்தவர் வேறு யாருமல்லர். வேதத்தை விளக்கிய நானேதான்.

அதன்பின், நாம் குடியேறியிருக்கும் இந்த நகரத்தின் சரித்திரத்தையும் நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். ஜெனீவா 1536ஆம் ஆண்டு சீர்திருத்த மார்க்கத்தை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு, விசுவாசத்தினிமித்தம் துரத்தப்பட்டவர்கள் பல நாடுகளிலிருந்தும் இங்கே வந்து சேர்ந்தார்கள். போதகர் ஜோன் கல்வினும் பிரான்சிலிருந்து வந்த அகதியே. பாரிசில் அரச அச்சாளராக இருந்த ரொபேர் எஸ்தியேன் என்பவரும் ஜெனீவாவுக்கு வந்து, 1551இல் புதிய ஏற்பாட்டை வசன எண்களோடு அச்சிட்டார். நாம் லூக்கா 10:30 என்று தேடும்போது அந்த 30 என்ற எண், இந்த ஊரில் ஓர் அகதியின் அச்சுக்கூடத்தில் பிறந்தது. இங்கிலாந்தில் மேரி அரசியின் காலத்தில் தப்பி வந்தவர்கள் இங்கிருந்தே தங்கள் ஆங்கில வேதாகமத்தை 1560இல் வெளியிட்டார்கள். சென்பியேர் தேவாலயத்தின் அருகிலுள்ள சிற்றாலயத்தில் தங்கள் சொந்த மொழியில் ஆராதிக்கவும் அவர்களுக்கு இடம் கிடைத்தது. ஏழை அகதிகளுக்கு உதவவென்று தனி நிதியும் இருந்தது. அந்நியனை உன் ஊரில் பிறந்தவனைப் போல நேசி என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் கேட்பதை ஒரு நகரம் செய்ய முயன்ற காலம் அது.

ஆனால் அதே நகரம் தவறியும் இருக்கிறது. மிகேல் செர்வெட்டஸ் ஸ்பானிய நாட்டு மருத்துவர். திரித்துவத்தை மறுத்து எழுதியவர். பிரான்சில் சிறையிலிருந்து தப்பி ஓடியவர், 1553 ஓகஸ்ட் மாதம் ஜெனீவாவுக்கு வந்தார். தேவாலயத்தில் பிரசங்கம் கேட்க வந்த இடத்தில் அடையாளம் கண்டு பிடிக்கப்பட்டார். அவரைக் குற்றஞ்சாட்டுவதில் கல்வினே முன்னின்றார், நகரசபை தீர்ப்பளித்தது. ஒக்டோபர் 27ஆம் திகதி ஷாம்பெல் மேட்டில் அவர் உயிரோடு எரிக்கப்பட்டார். அவருடைய போதனையை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றை மறக்கக்கூடாது. வேதத்தை அச்சிட்ட, பாடிய, தினமும் பிரசங்கித்த நகரம், தப்பி ஓடிவந்த ஒரு மனிதனை அதே வேதத்தின் பெயரால் எரித்தது. வேதத்தின் மேலுள்ள வைராக்கியம் மட்டும் கீழ்ப்படிதல் ஆகிவிடாது. 350 வருடங்களின் பின், 1903இல், கல்வினின் வழிவந்தவர்களே அந்த இடத்தில் ஒரு கல்லை நாட்டி, அது தவறு என்று பொறித்து வைத்தார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போகும் நாளில் பக்கத்தில் தேடிப் பாருங்கள். பிழையை ஒப்புக்கொள்வதும் கீழ்ப்படிதலின் ஒரு பகுதிதான்.

இன்னொரு ஜெனீவாக்காரரையும் சொல்ல வேண்டும். ஹென்றி டுனான், 1828இல் இங்கே பிறந்தவர். வாலிப வயதில் நண்பர்களோடு வியாழக்கிழமைகளில் கூடி வேதாகமம் படித்தவர். சிறைக் கைதிகளைப் போய்ப் பார்த்தவர். 1852இல் ஜெனீவாவில் வை.எம்.சி.ஏ. சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1859 யூன் மாதம் தன் வியாபார அலுவலாகப் பிரெஞ்சுச் சக்கரவர்த்தியைக் காண இத்தாலிக்குப் போனபோது, சொல்பரினோ போர்க்களத்தின் அருகே வந்து சேர்ந்தார். ஆயிரக்கணக்கான காயக்காரர் கவனிப்பாரின்றிக் கிடந்தார்கள். வந்த அலுவலை ஒருபுறம் வைத்துவிட்டு, அவ்வூர்ப் பெண்களோடு சேர்ந்து காயங்களைக் கழுவினார், தண்ணீர் கொடுத்தார். இவன் எந்தப் பக்கத்துப் படைவீரன் என்று அவர்கள் பார்க்கவில்லை. லூக்கா 10ஆம் அதிகாரத்தை அவர் அங்கே விளக்கிக்கொண்டிருக்கவில்லை, செய்தார்.

அதிலிருந்து பிறந்ததுதான் 1863இல் செஞ்சிலுவைக் குழு. டுனானும் குறையில்லாத மனிதர் அல்லர். 1867இல் அவருடைய வியாபாரம் முறிந்து, மற்றவர்களின் பணமும் போனது. அவமானத்தோடு ஊரை விட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை. 1901இல் முதலாவது நோபல் சமாதானப் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. ஆனால் அவர் செய்த அந்த ஒரு கீழ்ப்படிதல் எவ்வளவு தூரம் போயிற்று என்பது நமக்குத் தெரியும். 1990இல் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியைக் காக்க நின்றதும், 2009இல் புதுமாத்தளன் கரையிலிருந்து காயப்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றிச் சென்றதும் அதே சிலுவைக் கொடிதான். ஒருவர் தன் அலுவலை நிறுத்திக் குனிந்ததன் பலன், 150 வருடங்களின் பின் நம் சொந்தச் சனத்தை வந்தடைந்தது.

அன்பானவர்களே, போர்க்களத்துக்குப் போகும்படி நம்மில் எவரையும் ஆண்டவர் இன்று கேட்கவில்லை. அவர் கேட்பவை சிறியவை. கீழ்வீட்டுச் சுவிஸ் கிழவியின் பையை மாடிக்குத் தூக்கிக் கொடுப்பது. உடுப்புத் தோய்க்கும் அறைத் திறப்புக்காகக் கோபித்துக்கொண்ட அயலவருக்கு முதலில் வணக்கம் சொல்வது. சீட்டுக் காசில் கணக்குப் பிசகாமல் இருப்பது. பிள்ளையின் கலியாணப் பேச்சில் சாதி கேட்காமல் இருப்பது. கடைசி இரண்டும் கடினம் என்று உங்களில் சிலர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. கடினமான இடத்தில்தான் நேசம் சோதிக்கப்படுகிறது. தம்மில் அன்பாயிருப்பவர் தம் கற்பனைகளைக் கைக்கொள்வார் என்று யோவான் 14ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னதும் இதைத்தான். வேதத்தைக் கேட்டுவிட்டுச் செய்யாதவன், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே மறந்து போகிறவன் என்கிறார் யாக்கோபு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் போதும். நீங்கள் ஒரு சிறு பகுதியைத் தமிழில் வாசியுங்கள். பிள்ளைகள் அதையே பிரெஞ்சில் வாசிக்கட்டும். உங்களுக்குப் பிரெஞ்சும் அவர்களுக்குத் தமிழும் கொஞ்சம் வளரும். புத்தகத்தை மூடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "நாளைக்கு இதில என்னத்தைச் செய்யப் போறம்?" மறுநாள் இரவு, செய்தோமா என்று பிள்ளைகள் உங்களைக் கேட்கவும் இடம் கொடுங்கள்.

இந்தப் பக்கத்தை வாசிக்கும் சைவ உறவுகளுக்கும் இது பொருந்தும். தேவாரத்தைப் பாடுவதோடு நின்றுவிடாமல் அதன்படி நடக்க வேண்டும் என்று நம் பெரியோர் சொல்லித்தானே வளர்ந்தோம்.

நாலாம் மாடித் தம்பி இப்போது புதிதாக வருகிறவர்களின் கடிதங்களை வாசித்துக் கொடுக்கிறார். ஜெபக்கூட்டம் இன்றும் புதன்கிழமைதான். ஆனால் கதவு தட்டுப்பட்டால், வாசித்துக்கொண்டிருக்கும் வசனத்தை அப்படியே நிறுத்திவிட்டு எழும்பிப் போய்த் திறக்கிறோம்.

அடுத்த இதழில் சந்திப்போம். ஆண்டவர் உங்கள் இல்லங்களைக் காப்பாராக.