தொகுதி மக்களிடம் எந்தக் கணக்கைச் சொல்வது?

நிதிநிலைக் கூட்டத்தொடர் முடிந்ததும் சட்டமன்ற உறுப்பினர்கள் தொகுதி மக்களுக்கு அறிக்கை வெளியிடுவது இன்று பல மாநிலங்களில் வழக்கமாகிவிட்டது. வழவழப்பான தாள், முதல் பக்கத்தில் முழு உருவப் படம், உள்ளே ஒரு பட்டியல்: பேருந்து நிழற்குடைகள், உயர்கோபுர மின்விளக்குகள், பள்ளிச் சுற்றுச்சுவர், சமுதாயக்கூடத்துக்குக் கூரை. பெயரை மறைத்துவிட்டால் எந்தக் கட்சிக்காரரின் அறிக்கை என்று கண்டுபிடிக்க முடியாது. இடதுசாரி உறுப்பினரின் அறிக்கையும் அந்தக் குவியலில் அடையாளம் தெரியாமல் கலந்து போகுமானால், அது நாம் வெளிப்படையாகப் பேசியாக வேண்டிய செய்தி.

இந்தப் பட்டியலுக்கு ஒரு வரலாறு உண்டு. அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. குடிநீர், சாலை, கிராம மின்வசதி உள்ளிட்ட 29 துறைகளை ஊராட்சிகளிடம் ஒப்படைக்க அது வழி திறந்தது. அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று நரசிம்மராவ் அரசு நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. கிராமசபை கூடி முடிவு செய்ய வேண்டிய பணிகள், எட்டே மாதத்தில் ஒரு தனிநபரின் பரிந்துரைக்கும் உரியவையாயின. முதலில் 5 லட்சம் ரூபாயாக இருந்த தொகை 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி. மாநிலங்களிலும் சட்டமன்ற உறுப்பினர் நிதி பரவி வேரூன்றியது. அரசியல் சட்டச் செயல்பாட்டை மறுஆய்வு செய்த தேசிய ஆணையம் 2002இலும், இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007இலும் இத்தகைய நிதிகளைக் கைவிடுமாறு பரிந்துரைத்தன. உச்சநீதிமன்றம் 2010இல் நாடாளுமன்ற உறுப்பினர் நிதித் திட்டம் செல்லும் என்றது. சட்டப்படி செல்லுபடியாவது வேறு, ஜனநாயகத்துக்கு நல்லதா என்பது வேறு.

இதன் தீங்கு பணத்தில் மட்டும் இல்லை. மக்களின் வரிப்பணத்தில் எழுந்த நிழற்குடையில் உறுப்பினரின் பெயர் கொட்டை எழுத்தில் பொறிக்கப்படும்போது, பிரதிநிதி வள்ளலாகவும் வாக்காளர் மனுதாரராகவும் ஆகிவிடுகிறார்கள். சட்டமன்றத்தில் அவர் என்ன பேசினார், எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று கேட்கும் பழக்கமே மறைகிறது. 2023ஆம் ஆண்டில் மாநிலச் சட்டமன்றங்கள் சராசரியாகக் கூடியது ஏறத்தாழ 22 நாள்தான். பெரிய மாநிலங்களில் ஆண்டுக்கு 90 நாளாவது கூட வேண்டும் என்று மேற்சொன்ன தேசிய ஆணையம் கூறியிருந்தது. அவை கூடாததைப் பற்றி எந்த வண்ண அறிக்கையாவது வருந்தியதுண்டா?

மேற்கு வங்கத்தைப் பாருங்கள். மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 27ஆவது பிரிவைக் காட்டி, 2022 மார்ச்சில் ஒன்றிய அரசு அம்மாநிலத்துக்கான நிதியை நிறுத்தியது. முறைகேடு நடந்தது உண்மை. ஆளும் கட்சியின் உள்ளூர்ப் புள்ளிகள் போலி வேலை அட்டைகளில் கூலி எடுத்ததை முதலில் எதிர்த்தவர்கள் இடதுசாரிகளே. ஆனால் திருடியவனைப் பிடிப்பதற்குப் பதிலாக, மண் சுமந்தவளின் கூலி நிறுத்தப்பட்டது. நிலுவைக் கூலியை 2024இல் மாநில அரசு தன் கருவூலத்திலிருந்து தந்தபோதும் வேலை திரும்பவில்லை. பச்சிம் பங்க கேத் மஜூர் சமிதி தொடுத்த வழக்கில், 2025 ஆகஸ்ட் 1 முதல் திட்டத்தைத் தொடங்குமாறு கல்கத்தா உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஒன்றிய அரசின் மேல்முறையீட்டை அக்டோபரில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மூன்றரை ஆண்டுகள்! புருலியாவிலும் பாங்குராவிலும் ஒரு கிராமத்துக்கு இதைவிடப் பெரிய உள்ளூர்ப் பிரச்சனை எது? எந்தத் தொகுதி நிதியும் அந்தக் கூலிக்கு ஈடாகாது. 2021 தேர்தலில் இடது முன்னணிக்கு அங்கே ஒரு சட்டமன்ற இடமும் கிடைக்கவில்லை. ஆகவே இந்தக் கணக்கை வீடு வீடாகச் சொல்ல வேண்டிய பொறுப்பு உறுப்பினர் இல்லாத தோழர்கள் மீதே விழுந்தது.

அந்தச் சட்டத்தையே அகற்றிவிட்டு, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. 125 நாள் வேலை என்கிறது விளம்பரம். பழைய சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதும் ஒன்றிய அரசின் பொறுப்பு. இப்போது பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 சதவீதத்தை ஏற்க வேண்டும். அதாவது, கிராமத்துக் கூலியின் ஒரு பகுதி இனி மாநில நிதிநிலை அறிக்கையைச் சார்ந்தது. ஊரக வளர்ச்சித் துறையின் மானியக் கோரிக்கை அவைக்கு வரும் நாளில் நம் உறுப்பினர் எழுந்தாரா, வெட்டுத் தீர்மானம் கொடுத்தாரா, அமைச்சர் என்ன பதில் சொன்னார்? இவையே இனி உள்ளூர்ச் செய்திகள்.

நம்மிடம் உள்ள குறையையும் சொல்லத்தான் வேண்டும். பட்டியலைக் கேட்பவர்கள் வாக்காளர்கள் மட்டுமல்லர், நம் கிளைத் தோழர்களும்தான். ‘அந்தக் கட்சிக்காரர் இத்தனை விளக்குப் போட்டார், நம்மவர் என்ன செய்தார்?’ என்ற கேள்விக்கு அஞ்சி நாமும் ஃப்ளெக்ஸ் பலகை வைக்கிறோம். நிதியை மறுத்துவிடலாம் என்று சில தோழர்கள் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம்முடைய கொள்கைத் தூய்மைக்காக ஒரு சேரிப் பகுதி குடிநீர்க் குழாயை இழக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பணி என்பதைக் கிராமசபை தீர்மானிக்கட்டும், கல்வெட்டில் உறுப்பினரின் பெயர் வேண்டாம். 1996இல் கேரளத்தின் மக்கள் திட்டம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. அந்தக் கேரளத்திலும் இன்று சட்டமன்ற உறுப்பினர் நிதி இருக்கிறது என்பது இந்த நோயின் பிடி எவ்வளவு வலுவானது என்பதைக் காட்டும்.

1871இன் பாரிஸ் கம்யூனில் பிரதிநிதியை எப்போது வேண்டுமானாலும் திரும்ப அழைக்கலாம் என்ற விதி இருந்ததை நாம் வகுப்புகளில் பாடமாக நடத்துகிறோம். நம் நாட்டில் சட்டமன்ற உறுப்பினரைத் திரும்ப அழைக்கச் சட்டமில்லை. ஆயினும், ஆண்டுக்கு இருமுறை அவரை மக்கள்முன் நிறுத்திக் கேள்வி கேட்க எந்தச் சட்டமும் தடையில்லை. அந்தக் கூட்டத்தில் கொடுக்கும் அறிக்கை படமில்லாத நான்கு பக்கத் துண்டறிக்கையாக இருந்தால் போதும். கேட்ட கேள்விகளும் கிடைத்த பதில்களும் அளித்த வாக்கும் அதில் வரட்டும். நிறைவேறாத கோரிக்கைகள், எந்த மேசையில் எத்தனை மாதமாகக் கிடக்கின்றன என்பதோடு முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். உறுப்பினர் பேசும் நேரத்தைவிட மக்கள் கேட்கும் நேரம் கூடுதலாக ஒதுக்கப்பட வேண்டும். கூட்டத்தை மாலை ஏழு மணிக்குப் பிறகு வையுங்கள். வயலுக்கும் கட்டுமான வேலைக்கும் போன பெண்கள் அதற்கு முன் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள்.