பிளேட்லெட் குறைந்தால் டெங்கு மட்டும்தானா?

மழைக்காலம் வந்துவிட்டால் தமிழகத்தின் ரத்தப் பரிசோதனை நிலையங்களில் எல்லோருடைய கண்ணும் ஒரே எண்ணைத்தான் தேடும்: பிளேட்லெட். அது லட்சத்துக்குக் கீழே இறங்கினால், வீட்டில் பப்பாளி இலை அரைபடத் தொடங்கிவிடும். பெரும்பாலும் டெங்குதான். ஆனால் அதே காய்ச்சலோடும் அதே சரிவோடும் வருகிறவர்களில் ஒரு சிலருக்கு இருப்பது தீவிர ரத்தப் புற்றுநோய், அதாவது அக்யூட் லுக்கேமியா.

டெங்கு முற்றும்போது ரத்தம் கெட்டியாகும். அதனால் ஹீமோகுளோபின் கூடவும் செய்யும். லுக்கேமியாவிலோ முதிராத செல்கள் எலும்பு மஜ்ஜையை அடைத்துக்கொள்வதால் ஹீமோகுளோபினும் சேர்ந்து விழுகிறது. வெள்ளையணு எண்ணிக்கையை நம்பவே முடியாது. லட்சத்தைத் தாண்டியும் இருக்கும், இயல்புக்குக் கீழேயும் கிடக்கும்.

குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது ஏஎல்எல் (அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா) வகை. கால் வலி, நொண்டல், கழுத்தில் நெறிகட்டுதல் என்று வரும். மூட்டுவாதம் என நினைத்து ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் ஆபத்து: அந்த மருந்து புற்றுசெல்களையும் தற்காலிகமாகக் கரைத்துவிடும். வலி போகும், தடயமும் போகும், நோய் மட்டும் இருக்கும். பெரியவர்களிடம் ஏஎம்எல் (அக்யூட் மைலாய்டு லுக்கேமியா) அதிகம். அதில் ஒரு வகைக்கு ஈறு வீங்கும். நோயாளி முதலில் போவது பல் மருத்துவரிடம்.

இவற்றுள் மிக அவசரமானது ஏஎம்எல்லின் ஒரு பிரிவான ஏபிஎல் (அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா). 1957-இல் நார்வே மருத்துவர் ஹில்லெஸ்டாட் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். ரத்தம் உறையும் முறையே குலைந்துபோவதால் தோலில் நீலத் திட்டுகளும் ஈறில் கசிவும் தோன்றும். மூளையில் ரத்தம் கசிந்து சில நாட்களிலேயே உயிர் போகலாம். முரண் என்னவென்றால், தப்பிப் பிழைத்தவர்கள் குணமாகும் வாய்ப்பு அதிகமுள்ள லுக்கேமியாவும் இதுதான். ஷாங்காய் மருத்துவர் வாங் ஜென்யி 1980-களில் இந்த நோய்க்கு அட்ரா (ஆல்-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலம்) மாத்திரையின் பலனைக் காட்டினார். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 72 பேருக்கு ஆர்செனிக் ட்ரையாக்ஸைடை முதன்மை மருந்தாகக் கொடுத்து, 86 சதவீதத்தினரிடம் நோய் அடங்கியதை 2006-இல் பதிவுசெய்தார்கள். மரபணுச் சோதனை முடிவுக்குக் காத்திராமல், சந்தேகம் வந்தவுடனே அட்ராவைத் தொடங்க வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ விதி.

அந்தச் சந்தேகம் எங்கே பிறக்கும்? கண்ணாடிச் சில்லில் ஒரு துளி ரத்தத்தைப் பூசி, சாயமிட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியர் சோதனையில். எந்த வகை என்று உறுதிசெய்ய ஃப்ளோ சைட்டோமெட்ரியும் மஜ்ஜைப் பரிசோதனையும் பிறகு வரட்டும். ரத்த அணுக்களை எண்ணும் கருவி வேகமானதுதான். ஆனால் முதிராத செல்லை அது லிம்போசைட் என்ற வெள்ளையணுவின் கணக்கில் சேர்த்துவிடக்கூடும். கருவி துப்பிய தாளை அப்படியே கையெழுத்திட்டுக் கொடுக்கும் பழக்கம் நிற்க வேண்டும்.

அட்ரா உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் சில நாட்களுக்கான இருப்பாவது வேண்டும். வாசகர்களும் ஒன்று செய்யலாம்: பிளேட்லெட்டும் ஹீமோகுளோபினும் சேர்ந்து குறைந்திருந்தால், “ஸ்மியர் பார்த்தீர்களா, டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள்.