பட்டி பூசிய பாடங்கள்

பழைய காரைச் சீர்செய்து முடித்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம் ஒன்றுண்டு: “ஷோரூமிலிருந்து இப்போதுதான் எடுத்தது போல இருக்கிறது.” கேட்பவர்களும் தலையாட்டிப் பாராட்டுகிறார்கள். இந்தப் பாராட்டை நான் மறுக்கிறேன். அறுபது ஆண்டு கண்ட ஒரு பொருள் நேற்றுப் பிறந்தது போலத் தோன்றுமானால், அங்கே காக்கப்பட்டது எது, அழிக்கப்பட்டது எது என்று கேட்பதே முறை.

சென்ற மாதம் கீழ்பென்னாத்தூரில், சாலையோரப் பட்டறை ஒன்றில், இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சென்னையில் 1961 முதல் தயாரான வண்டி அது. அதன் மூலவடிவம் 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு. வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலொட்டி. ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்துக்கு உடற்கூடு செய்து தந்த ஆலை 1953இல் போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. முழு உடலையும் ஒரே கூடாகச் செய்துதர ஆளில்லை. ஆகவே தனிச் சேஸிஸ் ஒன்றை அமைத்து, உடலைப் பகுதி பகுதியாகப் போல்ட்டுகளால் பூட்டினார்கள். கூரைகூடத் தனியே கழன்று வரும். முன் மட்கார்டுகளும் பானெட்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். கழற்றுவதற்கென்றே பிறந்தது போன்ற வண்டி. அதனாலேயே கண்டவர் கையிலும் எளிதில் சீரழியும் வண்டி.

டிங்கர் வேலை செய்யும் மேஸ்திரி அறுபதைக் கடந்தவர். உடலுக்கும் சேஸிசுக்கும் இடையே, மடித்த காகித அளவில் சில மெல்லிய தகட்டுத் துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து, எந்தப் போல்ட்டின் அடியில் இருந்ததென்று சாக்பீஸால் எண் எழுதி, தனித்தனி டப்பாவில் போட்டார். “இத தூக்கிப் போட்டுட்டா அப்புறம் கதவு கதவா மூடாது சார்” என்றார். கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள சந்து ஒரே சீராக அமைவது அத்துண்டுகளால்தான். கதவு திறப்புக்குக் குறுக்கே இரும்புக் கம்பி பற்றவைத்த பிறகே உடலைத் தூக்கினார். அப்படிச் செய்யாவிட்டால் துருவேறிய கூடு நடுவில் தொய்ந்துவிடும்.

உரிமையாளரின் உறவினருக்கு இதில் பொறுமையில்லை. மணல்வீச்சு அடித்தால் ஒரே நாளில் பெயின்ட் போய்விடும். பழைய தகட்டை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக அடித்துக்கொள்ளலாம் என்றார். கோயில் கற்றூண்களை மணல்வீச்சால் ‘சுத்தம்’ செய்து, சிற்பியின் உளித்தடத்தை அழித்த கதையை அறிந்தவர்கள் நாம். கல்லுக்கே அந்தக் கதியென்றால் மெல்லிய தகடு நெளியாமல் என்ன செய்யும்? மேடுபள்ளத்தை மறைக்கப் பிறகு பட்டி பூசுவார்கள். கனமாகப் பூசிய பட்டி ஈரத்தை உறிஞ்சும், வெடிக்கும், மேலே வண்ணம் மின்ன, அடியில் துரு வேலை செய்யும்.

இலக்கிய வாசகர்களிடம் இதைச் சொல்வதற்குக் காரணமுண்டு. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். ஏடு சிதைந்த இடங்களில் தம் புலமையால் ஓர் அடியை இட்டு நிரப்ப அவரால் முடியாதா? அவர் அதைச் செய்யவில்லை. சிதைவைச் சிதைவாகவே காட்டினார். 267, 268ஆம் பாட்டுகள் இன்றும் வெற்றெண்களாகவே நிற்கின்றன. அந்த வெற்றிடம்தான் மற்றப் பாட்டுகளின் மேல் நமக்குள்ள நம்பிக்கைக்குப் பிணை. பட்டி பூசிய கார் என்பது இடைச்செருகலை மறைத்து அச்சிட்ட பதிப்பு.

‘துருப்பிடித்து ஓட்டையான தரையை வைத்துக்கொண்டு சாலையில் போக முடியுமா?’ என்று கேட்பார்கள். முடியாது. மாற்றத்தான் வேண்டும். மாற்றியதை மாற்றியது என்று குறித்துவைக்க வேண்டும் என்பதே என் வழக்கு. கட்டடங்களுக்கு 1964இல் வந்த வெனிஸ் சாசனமும், அதைப் பின்பற்றிப் பழைய வாகனங்களுக்கு எழுதப்பட்ட டூரின் சாசனமும் இந்த ஆவணப்படுத்தலையே வலியுறுத்துகின்றன. 2021இல் நம் நடுவண் அரசு கொண்டுவந்த விதிகளும், ஐம்பது ஆண்டு கடந்து, சேஸிசிலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் காணாத வண்டியையே ‘விண்டேஜ்’ என்று ஏற்கின்றன. பதிவுக்கட்டணம் 20,000 ரூபாய். அவ்வளவு கட்டி, எடைக்குப் போட்ட தகட்டின் பெயரால் எண் வாங்குவது யாரை ஏமாற்ற?

குற்றத்தை டிங்கர்கள் தலையில் கட்டுவது எளிது. நான் அதற்கு உடன்படேன். மேஸ்திரி எண் எழுதிய இரண்டு நாளுக்குக் கூலி உண்டா என்று கேட்டேன். சிரித்தார். “பெயின்ட் பளபளன்னு இருந்தாதான் சார் காசு.” உண்மை அதுதான். நாம் பளபளப்புக்கு விலை கொடுக்கிறோம், பளபளப்பு கிடைக்கிறது. கழற்றும் அறிவுக்கு விலை வைக்கவில்லை. ஆகவே அது இவரோடு முடியப்போகிறது. அவருடைய இரண்டு பிள்ளைகளும் இத்தொழிலுக்கு வரவில்லை.

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களே, பூட்டுவதற்குக் கொடுக்கும் கூலியைக் கழற்றுவதற்கும் கொடுங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் எடுக்குமுன் படமெடுங்கள். கழித்த தகட்டில் ஒரு சாண் துண்டையாவது, அதன் வண்ண அடுக்குகளோடு பத்திரப்படுத்துங்கள். வேலை முடிந்ததும், எது பழையது, எது புதியது, யார் கை பட்டது என்று ஒரு தாளில் எழுதி வண்டிக்குள் வையுங்கள். அந்தத் தாளில் மேஸ்திரியின் பெயர் இருக்கட்டும். உரையாசிரியன் பெயரில்லாத உரை நமக்குப் புதிதல்ல. ஆனால் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.