ஊறவைத்தால் போதும் என்பவர்களுக்கு

மார்கழி பிறப்பதற்கு முன்பே அந்த உபதேசம் கிளம்பிவிடுகிறது. "பித்தளையைத் தேய்க்கவே வேண்டாம். ராத்திரி புளித்தண்ணியில ஊறப் போடுங்க, காலையில தங்கமா எடுங்க." திருச்சி மன்னார்புரத்தில் எங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் இதைக் கேட்டிருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில், வைகுண்ட ஏகாதசிக்காக வீட்டைக் கழுவிவிடும் நாட்களில், திண்ணைக்குத் திண்ணை கேட்டிருக்கிறேன். சின்னக்கடை வீதியில் பாத்திரம் வாங்கப் போனால் கடைக்காரரே சொல்லி அனுப்புகிறார். பல வருடமாக எரிச்சலை அடக்கிக்கொண்டு இருந்துவிட்டேன். கடைசியாக நடந்த கூட்டத்தில் பேசியவர் புதிதாக ஒரு சாட்சியையும் கூட்டிவந்தார். "துப்பாக்கி சுடுறவங்களே சுட்ட தோட்டாக் கூட்டை எலுமிச்சை உப்புல ஊறவச்சுத்தான் மறுபடி மருந்து அடைக்கிறாங்க. அந்தப் பித்தளைக்கே ஒண்ணும் ஆகலை, உங்க சொம்புக்கு என்ன ஆகிடப்போகுது?" என்றார். கை தட்டினார்கள். இனியும் பேசாமல் இருப்பது சரியில்லை.

தோட்டாவிலிருந்தே தொடங்குகிறேன். திருச்சியில் அந்தச் சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. 1966இல் வந்த துப்பாக்கித் தொழிற்சாலை பக்கத்தில்தான் இருக்கிறது. கே.கே. நகரில் ரைபிள் கிளப் இருக்கிறது. 2022 ஜூலையில் மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித் வந்தபோது ஊரே அங்கே திரண்டது. அதனால் யாராவது மேடையேறி "துப்பாக்கிக்காரர்களே" என்று ஆரம்பித்தால் நம் ஊரில் எதிர்க்கேள்வி வராது. ஆனால் நம் தொழிற்சாலை செய்வது துப்பாக்கிகளை. தோட்டாக்களை உருவாக்கும் படைக்கலத் தொழிற்சாலைகள் மகாராஷ்டிரத்தில் வரங்காவிலும் கட்கியிலும் இருக்கின்றன. உரிமம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து தோட்டாவுக்கு மருந்து அடைக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இடம் தரவில்லை. கை தட்டியவர்களில் ஒருவர்கூட அந்த வேலையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொல்லப்பட்ட சாட்சி அது.

மறுபடி மருந்து அடைப்பது சட்டப்படி பரவலாக நடக்கும் நாடுகளில் உண்மையில் என்ன செய்கிறார்கள்? சுட்டபின் பித்தளைக் கூடு அழுத்தத்தில் உப்பியிருக்கும், உள்ளே கரி படிந்திருக்கும், தரையில் விழுந்ததால் மண் ஒட்டியிருக்கும். அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர எஃகு அச்சுக்குள் அழுத்தித் தள்ள வேண்டும். ஒரு மணல் துகள் இருந்தாலும் அச்சிலும் கூட்டிலும் கீறல் விழும். கழுவுவதன் முதல் காரணம் இந்த மண்தான். மினுமினுப்பு அவர்களுக்கு இரண்டாம் பட்சம். குண்டு குறியில் போய் விழ அது எந்த விதத்திலும் உதவாது. பலர் தண்ணீரே தொடுவதில்லை. அதிரும் தொட்டியில் வால்நட் ஓட்டுத் தூளையோ, மணி உதிர்த்த மக்காச்சோளத் தக்கையின் தூளையோ கொட்டி, கூடுகளை அதில் மணிக்கணக்காக உருள விடுகிறார்கள். அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு: தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பிரைமரில் காரீயச் சேர்மம் இருப்பதால், தொட்டியிலிருந்து எழும் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. வேறு சிலர் தண்ணீரில் சன்னமான எஃகு ஊசிகளைப் போட்டுச் சுழற்றுகிறார்கள். அதிக நேரம் சுற்றவிட்டால் ஊசிகள் தட்டித் தட்டிக் கூட்டின் வாய் மழுங்கிப்போகும் என்று அதற்கும் நேரம் பார்க்கிறார்கள்.

எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி, ஐந்து பத்து நிமிடம், உடனே எடுத்துப் பல தண்ணீரில் அலசல், பிறகு ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தல். கூட்டத்தில் பேசியவர் எலுமிச்சை உப்பை மட்டும் பிடித்துக்கொண்டு நிமிடத்தை விட்டுவிட்டார். ராத்திரி முழுக்க அமிலத்தில் கிடந்து சிவந்துபோன கூட்டை நிதானமுள்ள எவரும் துப்பாக்கியில் போடத் துணிய மாட்டார். 7.62 ரக ரைபிளில் மருந்து வெடிக்கும்போது அந்த மெல்லிய பித்தளைச் சுவர் காற்றழுத்தத்தைப்போல் 3,000 மடங்குக்கும் மேலான அழுத்தத்துக்கு ஆளாகிறது. சுடுகிறவரின் முகம் அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது. இன்னொன்றையும் அவர் சொல்லவில்லை. எவ்வளவு பக்குவமாகக் கழுவினாலும் அந்தக் கூடு சில தடவைக்குப் பிறகு பழைய உலோகக் கடைக்குத்தான் போகும். பாட்டி கொடுத்த குத்துவிளக்கை நாம் அந்தக் கணக்கில் வாங்கி வைக்கவில்லை.

அடுத்தது, "புளி இயற்கை, கெமிக்கல் இல்லை" என்ற வாதம். எட்டிக்காயும் இயற்கைதான்.

புளியின் புளிப்பு டார்டாரிக் அமிலம். எலுமிச்சையின் புளிப்பு சிட்ரிக் அமிலம். மரத்தில் காய்த்ததா ஆலையில் வந்ததா என்று பித்தளை பார்ப்பதில்லை. நம் வீடுகளில் இது தெரியாத விஷயமும் இல்லை. ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால், ரசம் வைத்தால், தயிர் ஊற்றி வைத்தால் களிம்பு ஏறிவிடும், வயிற்றைக் கெடுக்கும் என்று திட்டாத பாட்டி உண்டா? அதற்காகத்தானே ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வந்தார்? துருத்தி ஊதிப் பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைப் பஞ்சால் உள்ளே முழுக்க இழுத்துவிட்டுப் போவார். ஒரு வேளைச் சாப்பாட்டு நேரத்துக்குக்கூட புளியையும் வெறும் பித்தளையையும் சேர விடாத அதே பாட்டியின் பெயரால் இன்று "பாட்டி காலத்து முறை, ராத்திரி முழுக்கப் புளியில் போடுங்கள்" என்று விற்கிறார்கள். எந்தப் பாட்டியும் அதைச் செய்யவில்லை. அவர்கள் செய்தது, ஊறிய புளிச்சக்கையைத் தேங்காய் நாரில் வைத்துத் தேய்த்து, அந்தக் கையோடு தண்ணீர் விட்டு அலசியது. பாத்திரத்தின் மேல் புளி இருந்தது சில நிமிடம்தான்.

சந்தேகம் உள்ளவர்கள் ஊறப்போட்ட அண்டாவில் மறுநாள் மிஞ்சும் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள். எலுமிச்சை உப்புத் தண்ணீராக இருந்தால் பச்சையும் நீலமுமாகச் சாயம் தெரியும். அது பாத்திரத்திலிருந்து கரைந்த செம்பு. பிறகு சொம்பைக் கையில் எடுத்துக் கழுத்தோரம், பற்றவைத்த இடம், அடிவிளிம்பு எல்லாவற்றையும் வெயிலில் திருப்பிப் பாருங்கள். மஞ்சளுக்கு நடுவே ரோஜா நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கும். அதைத்தான் "புதுசு மாதிரி சிவந்துடுச்சு" என்று சந்தோஷப்படுகிறார்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. தோட்டாக் கூட்டில் 70க்கு 30, பாத்திரத் தகட்டில் பெரும்பாலும் துத்தநாகம் இன்னும் கொஞ்சம் கூடுதல். அமிலத்தில் நெடுநேரம் கிடந்தால் துத்தநாகம் முந்திக்கொண்டு கரைகிறது. மேலே தங்குவது செம்பு, அதுவும் பொரிந்து ஓட்டையோடிய செம்பு. அந்தச் சிவப்பு, பித்தளை அந்த இடத்தில் பித்தளையாக இல்லாமல் போனதற்கான அடையாளம். உப்பையும் சேர்த்துப் போட்டால் அரிப்பு இன்னும் வேகமாகும். அதையும் ரகசியக் குறிப்பு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பொரிந்த மேற்பரப்பு சீக்கிரமே கறுக்கும். கறுத்தால் மறுபடி ஊறல். இப்படிச் சில வருடம் போனால் விளிம்பு தாளாக மெலிந்துவிடுகிறது.

"நேரம் மிச்சம்" என்கிறார்கள். ஒரு சொம்பைத் தேய்க்கப் பத்து நிமிடம் ஆகாது.

என்னை மிகவும் கோபப்படுத்துவது கடைசி வாதம்: "பித்தளை காலத்துக்கும் நிக்கும், எதைப் போட்டாலும் தாங்கும்." தாங்காது என்பதைத் தோட்டாவே நிரூபித்திருக்கிறது. அதுவும் இந்தியாவில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்த பிரிட்டிஷ் படைகளுக்கு ஒரு புதிர் வந்தது. மழைக்காலத்தில் சேமித்து வைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள், யாரும் தொடாமல், பெட்டிக்குள் இருந்தபடியே விரிசல் விட்டன. மேலே துரு இல்லை, அடிபட்ட தடயம் இல்லை. குண்டைக் கவ்விப் பிடிக்கும் கழுத்துப் பகுதியில் மயிரிழைப் பிளவு. பருவம் பார்த்து வந்ததால் பருவ விரிசல் என்றே அதற்குப் பெயரிட்டார்கள். வெயிலா, ஈரமா, உலோகத்தில் கலப்படமா என்று நெடுநாள் தேடினார்கள். தோட்டாப் பெட்டிகள் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தன. குதிரையின் மூத்திரத்திலிருந்தும் சாணத்திலிருந்தும் கிளம்பிய அம்மோனியா, மழைக்கால ஈரக்காற்றோடு சேர்ந்து பித்தளையைப் பிளந்தது. இதை 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் ஆராய்ந்து விளக்கினார்கள்.

அம்மோனியாவோடு இன்னொரு காரணமும் சேர வேண்டியிருந்தது. தோட்டாக் கூடு, பித்தளை வில்லையைக் குளிர்ந்த நிலையில் படிப்படியாக அழுத்தி இழுத்துச் செய்யப்படுவது. அப்படி இழுத்த முறுக்கு உலோகத்துக்குள்ளேயே சிக்கிக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது. அம்மோனியாவும் ஈரமும் உலோகத்தின் மணிகளுக்கு இடையே உள்ள எல்லைகளைத் தின்றுகொண்டு போகும்; உள்ளே இருக்கும் முறுக்கு அந்த இடத்தில் பிளந்துகொள்ளும். உலோகம் இளகிவிடாத அளவுக்கு, 250 முதல் 300 டிகிரி சூட்டில், கூட்டைப் பக்குவமாகக் காய்ச்சி முறுக்கை எடுத்துவிடுவது என்று பிறகு வழி கண்டார்கள். இன்றும் தோட்டாவுக்கு மருந்து அடைக்கிறவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் விலக்கு, அம்மோனியா கலந்த மெருகுத் திரவத்தைப் பித்தளைக் கூட்டுக்குக் கிட்டக்கூடக் கொண்டுபோகாதே என்பதுதான்.

நம் வீட்டில் தகட்டை அடித்தோ, கடைசலில் அழுத்தியோ செய்த குடமும் சொம்பும் தாம்பாளமும் இதே இனம்தான். விளிம்பை மடித்துச் சுருட்டிய இடத்தில் அந்த முறுக்கு இருக்கிறது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு போல வார்ப்பில் வந்தவற்றுக்கு இந்த ஆபத்து குறைவு. ஆனால் மேடையில் பேசுகிறவர்கள் வார்ப்பு எது, தகடு எது என்று பிரித்துச் சொல்லி நான் கேட்டதில்லை. டின்னிலும் பாட்டிலிலும் வரும் மெருகுத் திரவம் சிலவற்றிலும், கண்ணாடி துடைக்கும் திரவம் சிலவற்றிலும் அம்மோனியா உண்டு. மூக்கைக் குத்தும் அந்த நெடி வந்தால் அதைத் தகட்டுப் பாத்திரத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கல்யாணத்துக்கு வந்த குடங்களை மாட்டுக் கொட்டகைப் பரணில் போட்டுவைத்து, பத்து வருடம் கழித்து எடுத்து, "விளிம்புல தானா விரிசல் விட்டுருக்கு, தகடு மட்டம்" என்று செய்தவரைத் திட்டும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தகட்டைக் குறை சொல்வதற்கு முன் வைத்த இடத்தை யோசிக்க வேண்டும்.

பளபளப்பே சுத்தம் என்ற நினைப்புதான் இவ்வளவுக்கும் வேர். எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் போக வேண்டும், களிம்பு இருந்தால் கட்டாயம் போக வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பச்சை இல்லாத, பிசுக்கு இல்லாத, கொஞ்சம் மங்கிய பித்தளை அழுக்கல்ல. காற்றுப் பட்டுப் படிந்த அந்த மெல்லிய படலம் அடியில் உள்ள உலோகத்துக்குக் காப்பு. கடையில் மெஷினில் பாலிஷ் போட்டுக் கொடுத்த அன்றைய நிறத்தைத் தினமும் எதிர்பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒரு பூச்சு உலோகத்தை இழக்கத்தான் வேண்டும். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் எழுத்து வெட்டிய பாத்திரங்களைப் பாருங்கள். பெயரும் வருடமும் விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்கு மழுங்கியிருப்பவை, அதிகம் தேய்பட்டு மினுக்கப்பட்டவை. எழுத்து கூர்மையாக நிற்பவை மங்கலான மஞ்சளில்தான் இருக்கின்றன.

புளியை வேண்டாம் என்று சொல்லவில்லை. நாரில் தொட்டுத் தேய்க்கலாம். கை நிற்காமல் தேய்த்து, உடனே அலசி, புளிப்பு மிஞ்சாமல் சாம்பலோ துளி சமையல் சோடாவோ போட்டு இன்னொரு தரம் அலசி, பழைய வேட்டித் துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் வேலை முடிந்தது. குத்துவிளக்காக இருந்தால் முதலில் மரையைக் கழற்றித் தண்டு, தகழி, அடிப்பாகம் எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேய்க்க வேண்டும். ஊறப்போடுகிறவர்கள் பெரும்பாலும் விளக்கை முழுசாக அண்டாவில் முக்குகிறார்கள். அலசும்போது வெளியில் இருக்கும் புளிப்பு போய்விடும். மரைக்குள் புகுந்தது போகாது, எந்தத் துணியும் அங்கே எட்டாது. அடுத்த கார்த்திகைக்குக் கழற்றப் போனால் மரை பச்சைக் களிம்பில் இறுகிக் கிடக்கும். இடுக்கி போட்டுத் திருகினால் தண்டு நெளியும். பாத்திரக் கடைக்காரரிடம் கொண்டுபோனால் அவர் சூடு காட்டித் தட்டித்தான் பிரித்துக் கொடுப்பார், பாதி மரை அதிலேயே போயிருக்கும்.