உட்காரும் உரிமை ஏட்டோடு நின்றுவிடலாமா?

சாலைக் கடைத்தெருவிலும் கிழக்கேகோட்டையிலும் கடைகளில் வேலை செய்யும் நம் பெண்கள், கால்வலியை ஒரு நோயாக எண்ணுவதில்லை. சம்பளத்தோடு சேர்ந்து வருவதென்றே எண்ணிப் பழகிவிட்டார்கள். கடை திறந்தது முதல் அடைக்கும்வரை நிற்க வேண்டும்; ஆள் வராத நேரத்திலும் நிற்க வேண்டும். இதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

காலிலுள்ள இரத்தம் மேலே ஏறுவதற்குக் கெண்டைக்கால் தசை அசைந்து கொடுக்க வேண்டும். நின்ற இடத்திலேயே நின்றால் இரத்தம் கீழே தேங்கும். குழாய்களிலுள்ள அடைப்பிதழ்கள் நாளடைவில் தளரும். 'நரம்பு சுருட்டுது' என்று நம் வீடுகளில் சொல்வதும், 'வெரிக்கோஸ்' என்று டாக்டர் சொல்வதும் இதைத்தான். வீக்கமும் இரவுக் குடைச்சலும் வரும். முற்றினால் ஆறாத புண்ணும் வரும். காரணம் வேலையில் இருக்கையில் தைலம் தேய்த்து என்ன பயன்?

இங்கிலாந்தில் 1899-லேயே, கடையில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று சட்டம் வந்தது. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை தரச் சொன்னது. ஆனால் கடைச் சிப்பந்தியை யாரும் நினைக்கவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் தொழிலாளி பி. விஜியும் அவருடைய 'பெண்கூட்டு' அமைப்பும் போராடிய பிறகே, திருச்சூரில் ஜவுளிக்கடைப் பெண்கள் நூறு நாளுக்கு மேல் மறியலில் இருந்த பிறகே, நாடு திரும்பிப் பார்த்தது. 2018-ல் கேரள அரசு, 1960-ஆம் ஆண்டுக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் அவ்வாறே செய்தது. ஆணானாலும் பெண்ணானாலும், மலையாளியானாலும் தமிழரானாலும், தொழிலாளி என்றால் இருக்கை உண்டு.

இச்சட்டத்தால் ஸ்டூல் மட்டும் வரவில்லை. வெளியே சொல்லக் கூசிய வலி சட்டசபை வரை போய், அதற்கு ஒரு பெயரும் கிடைத்தது. இது பெரிய காரியம். ஆயினும் சட்டம் தானாக நடந்து கடைக்குள் வராது. ஸ்டூலை மூலையில் போட்டுவிட்டு, உட்கார்ந்தவரை முறைத்தால் சட்டம் என்ன செய்யும்?

"சிப்பந்தி உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு" என்கிறார்கள் சில முதலாளிகள். ரயில்வே கவுண்டரில் நாங்கள் உட்கார்ந்துதான் டிக்கெட் கொடுக்கிறோம். மரியாதை குறைந்துவிட்டதென்று எந்தப் பயணியும் வண்டி ஏறாமல் திரும்பியதில்லை.

நாம் கேட்பது மூன்று. சட்டத்தின் வாசகத்தை மலையாளத்திலும் தமிழிலும் எழுதி ஒவ்வொரு கடையிலும் ஒட்ட வேண்டும். தொழில்துறை அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது இருக்கை இருக்கிறதா என்பதோடு, அதில் உட்கார விடுகிறார்களா என்பதையும் சிப்பந்திகளைத் தனியே அழைத்து விசாரிக்க வேண்டும். கால்வலியோடு வருபவரிடம், அரசு ஆஸ்பத்திரிகளில் என்ன வேலை, எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

நமக்குள்ளும் ஒரு வார்த்தை. கடைக்கு உடைமைக்காரர்களும் நம்மவர்களில் இருக்கிறார்கள். ஊர்விட்டு ஊர் வந்து பிழைப்பவரின் அருமை தெரிந்தவர்கள் அவர்கள். அரசாங்கத்தின் நோட்டீசு வரும்வரை காத்திராமல் முதல் ஸ்டூலை அவர்களே போடட்டும். சிப்பந்திச் சகோதரிகளே, தயங்காமல் உட்காருங்கள். யாராவது தடுத்தால் சங்கத்துக்கு வந்து சொல்லுங்கள். உங்களோடு வந்து பேச நாங்கள் இருக்கிறோம்.